தாளக்காரர்தானே?

பிளாக் சாபத் குழுவின் டிரம்மர் பில் வார்டைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியிருக்கும் விமர்சகர், அந்த மனிதர் வாசித்த ஒரு பாட்டையாவது தொடக்கம் முதல் முடிவுவரை காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பதற்குக் கட்டுரையில் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. குடி வருகிறது, உடல் பருமன் வருகிறது, ஒப்பந்தத் தகராறு வருகிறது, யார் யாரோ பேட்டிகளில் பேசிய புறணி வருகிறது. ஸ்நேரில் விழுந்த ஒரு அடியைப் பற்றி ஒரு வாக்கியம் கிடையாது. ஆனாலும் தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கிறது: பிளாக் சாபத் என்றால் டோனி அயோமியின் கிட்டார்; வார்டு அந்தக் கிட்டாருக்குப் பின்னால் உட்காரக் கொடுத்துவைத்தவர்; அவருடைய தாளம் தள்ளாடும்; அவர் இடத்தில் வேறு யாரை உட்காரவைத்தாலும் குழுவுக்கு நட்டமில்லை என்பது 2013-ல் நிரூபணமாகிவிட்டது; 2012-ல் அவர் ஒப்பந்தத்தை மறுத்தது பேராசை. இது அவருடைய சொந்தச் சரக்காக இருந்திருந்தால் படித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் இசை வணிகம் அரை நூற்றாண்டாகத் தாளக்காரர்களின் முகத்துக்கு நேரே சொல்லிவருவதைத்தான் இவர் அழகியல் என்று பெயர் சூட்டி மறுபடி சொல்கிறார். அதனால்தான் வரிவரியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடுத்துவைத்தவர் என்ற கதையிலிருந்தே தொடங்குவோம். அயோமி கட்டிய வீட்டில் வார்டு பிறகு வந்து குடியேறினார் என்ற தோரணையில் கட்டுரை போகிறது. வரலாறு அப்படி இல்லை. பிளாக் சாபத் என்று ஒன்று உருவாகும் முன்பே, மித்தாலஜி என்ற ப்ளூஸ் குழுவில் இருவரும் சேர்ந்து வாசித்தவர்கள். 1968-ல் அந்தக் குழு கலைந்தபோது, பர்மிங்காமின் இசைக்கருவிக் கடை ஒன்றில் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மாட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியது அயோமியும் வார்டும் சேர்ந்துதான். குழுவின் முதல் இரண்டு தூண்களில் ஒருவரை ஒட்டிக்கொண்டவர் என்று எழுத எவ்வளவு அலட்சியம் வேண்டும்? முதல் பத்தாண்டின் ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு இயற்றியவர்கள் என்று அயோமி, கீசர் பட்லர், ஆஸ்போர்ன், வார்டு என நான்கு பெயர்களும் இருக்கும். அயோமியே பங்குபோட்டுக்கொண்ட பெருமையை, அயோமியின் பெயரால் திருப்பிப் பிடுங்கும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தார்கள்?

அயோமியின் மேதைமையில் குன்றிமணி அளவு குறைக்கவும் எனக்கு மனமில்லை. தகட்டுப் பட்டறையில், வேலையின் கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்த 17 வயதுப் பையன் அவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைத் தேடினார், பிறகு சுருதியையும் இறக்கினார். உலகத்தின் கிட்டார் ஒலியே அதோடு திசை மாறிற்று. விமர்சகர் இதை உருக்கமாகவே எழுதியிருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுருதி இறங்கினால் கனம் தானாக வந்துவிடும் என்று முடிக்கிறாரே, அங்கேதான் சறுக்குகிறார். அது உண்மையென்றால், ஏழு தந்திக் கிட்டாரை அவரைவிட இன்னும் ஆழத்துக்கு இறக்கி வாசிக்கும் இன்றைய குழுக்களில் பாதி ஏன் சவசவவென்று ஒலிக்கின்றன? கனம் கம்பியில் மட்டும் இல்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விடப்படும் காலத்தில் இருக்கிறது. அடுத்த அடி வந்தே தீரும் என்று தெரிந்தும், வரும்வரை நம்மைக் காக்கவைக்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது. பிளாக் சாபத்தில் அந்தக் கணத்தை ஆண்டவர் வார்டு.

1970 பிப்ரவரி 13-ல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு இதற்குப் போதும். மழை, தேவாலய மணி, அதன்பின் மூன்றே சுரங்களில் அந்த ரிஃப். விமர்சகர் இந்த மூன்று சுரங்களுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கி, சாத்தானின் இடைவெளி என்ற பாடப்புத்தகக் கதையையும் சேர்த்துவிட்டுக் கடந்துபோகிறார். அங்கே டிரம்ஸ் என்ன செய்கிறது? அந்த வேகத்தில், அதாவது வேகமே இல்லாத அந்த இழுவையில், சராசரி டிரம்மர் ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தட்டியிருப்பார். பாட்டு முப்பது விநாடியில் செத்திருக்கும். வார்டு எண்ணித் தட்டவில்லை. ரிஃபின் நீண்ட கார்வைகளுக்குள் டாம்களை உருட்டி விடுகிறார். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்த உருட்டல் எழுகிறது, அடுத்த வரி தொடங்குமுன் அடங்குகிறது. பாட்டில் பயம் என்று ஒன்று இருந்தால் அதில் பாதி அங்கே இருக்கிறது. கடைசிப் பகுதியில் பாட்டு சட்டென்று பாய்ச்சலெடுக்கும்போது, மூன்று மூன்றாக உருண்டு வரும் நடை ஒன்று கிளம்பும். கச்சேரி கேட்டுப் பழகிய காது அதைத் திஸ்ரம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இத்தனையும் 1969 அக்டோபரில், லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், ஆல்பம் முழுவதையும் ஒரே நாளில் பதிவுசெய்து முடித்த அவசரத்தில் நடந்தது. திருத்தி ஒட்டிய வேலை இல்லை.

'வார் பிக்ஸ்' பாட்டையும் சொல்லாமல் விடமுடியாது. கிட்டாரும் பேஸும் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு முழுவதுமாக ஒதுங்கிவிடுகின்றன. ஆஸ்போர்னின் குரலுக்குக் கீழே மிச்சமிருப்பது வார்டின் ஹை-ஹேட் மட்டும். சிம்பலின் அந்தச் சன்னமான டிக்-டிக் மேல்தான் போருக்கு எதிரான அந்தப் பெரிய பாட்டு நிற்கிறது. "கிட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்" என்ற வாக்கியத்தை, கிட்டாரே இல்லாத இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எதற்குப் பின்னால்?

இனி அந்தத் தள்ளாட்டம். இங்கே விமர்சகர் தன்னோடு தானே மோதிக்கொள்கிறார். கட்டுரையின் முற்பகுதியில் வார்டு இசையறிவில்லாமல் பலத்தால் அடிப்பவர். பிற்பகுதியில், ஜாஸ் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு ராக் தாளத்தைக் குழப்புபவர். முரடரும் பகட்டுக்காரரும் ஒரே நாற்காலியில் எப்படி உட்கார முடியும்? எது வசதியோ அதை அந்தந்தப் பக்கத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். உண்மை இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. 1948-ல் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் பிறந்த வார்டு, பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்களின் இசையைக் கேட்டு வளர்ந்தவர். ஜீன் க்ரூப்பா, படி ரிச், லூயி பெல்சன் ஆகியோரைத் தன் ஆசான்களாக அவர் இன்றைக்கும் சொல்கிறார். ராக் டிரம்மர்கள் நேர்கோட்டில் அடிக்கும் இடத்தில் அவர் கை சற்றே சாய்ந்து ஊசலாடுவது அங்கிருந்து வந்தது. அதற்கு ஸ்விங் என்று பெயர். 1970-லேயே வந்த 'பாரனாய்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஃபேரிஸ் வேர் பூட்ஸ்' முழுக்க இந்த ஊசலில்தான் நடக்கிறது. அதே ஆல்பத்தின் 'பிளானட் கேரவன்' பாட்டில் மனிதர் காங்காவில் விரலால் வாசிக்கிறார். 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' ஓடும் ஓட்டத்துக்கு மேலே டிம்பாலிஸை ஏற்றுகிறார். பலத்தால் அடிக்க மட்டும் தெரிந்தவர் செய்யும் காரியமா இது? பிற்காலத்து மெட்டல் வேகத்தில் பல மடங்கு முன்னேறியது, துல்லியத்தில் கணினியோடு போட்டி போட்டது. ஆனால் இந்த ஊசலைப் பெரும்பாலும் தொலைத்துவிட்டது. அந்த இழப்பைத்தான் விமர்சகர் வளர்ச்சி என்று எண்ணுகிறார்.

தன் கட்சிக்கு வலுச்சேர்க்க அவர் மிருதங்கத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார். நம் வித்வான்களின் கணக்குக்கும் காலப்பிரமாணத்துக்கும் முன்னால் வார்டு நிற்க முடியுமா என்று கேட்கிறார். கிளிக் ட்ராக் இல்லாமல், கூட வாசிப்பவர்களின் மூச்சைக் கேட்டு முன்னேயும் பின்னேயும் நகரும் ப்ளூஸ் மரபை, இன்னொரு மரபின் சட்டத்தால் விசாரிப்பது நியாயமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சாட்சியாவது இவருக்குச் சாதகமாகப் பேசுகிறதா? பாலக்காடு மணி ஐயரை ரசிகர்கள் எதற்காகக் கொண்டாடினார்கள்? கோர்வை பிசகாமல் வந்து விழும் என்பதற்காக மட்டுமா? கீர்த்தனையின் போக்கோடு, சங்கதியோடு, கூடவே போனார், பாட்டுக்கு வாசித்தார் என்பதற்காகவும்தானே? பாட்டுக்கு வாசிப்பது என்ற அந்த அளவுகோலை அப்படியே பர்மிங்காமுக்கு எடுத்துப் போங்கள். வார்டு அங்கே முதல் வரிசையில் இருப்பார். பக்கவாத்தியம் என்றால் அடிமைச் சேவகம் என்று நினைப்பவருக்கு நம் மரபும் தெரியவில்லை, அவர்களுடையதும் தெரியவில்லை.

கட்டுரையின் பிரம்மாஸ்திரம் '13' என்ற ஆல்பம். வார்டு இல்லாமல் 2013-ல் வந்தது, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க் டிரம்ஸ் வாசித்தார், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. எல்லாம் உண்மை. ஆகவே வார்டு தேவையில்லை என்கிறார். இந்தத் தர்க்கத்தை அவர் போக விரும்பாத தூரம்வரை கொண்டுபோவோம். 'பாரனாய்ட்' அமெரிக்கப் பட்டியலில் தொட்ட உச்சம் 12-ஆம் இடம். அப்படியானால் '13' அதைவிட மேலான ஆல்பமா? 1970-ன் அயோமியைவிட 2013-ன் அயோமி பெரிய கலைஞரா? விற்பனைப் பட்டியலை வைத்து வார்டை வெட்டக் கிளம்பிய கத்தி, விமர்சகர் தலையில் வைத்துக் கொண்டாடும் 'பாரனாய்ட்' கழுத்திலேயே விழுகிறது. 43 ஆண்டுகளாகச் சேர்ந்த பெயருக்குக் கிடைத்த கூலி அந்த முதலிடம். அந்தப் பெயரைச் சேர்த்தவர்களில் ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். இன்னொரு செய்தியும் உண்டு, கட்டுரை அதைத் தொடவே இல்லை. அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் ரிக் ரூபின், வார்டின் இடத்துக்கு முதலில் முன்மொழிந்த பெயர் ஜிஞ்சர் பேக்கர். ஜாஸ் மேடையிலிருந்து வந்து க்ரீம் குழுவில் வாசித்த கிழச்சிங்கம். யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம் என்றால், தயாரிப்பாளருக்கு ஏன் ஜாஸ் கை தேவைப்பட்டது? காலியான நாற்காலியின் அளவு என்ன என்று ரூபினுக்குத் தெரிந்திருந்தது.

ஒப்பந்தத்துக்கு வருவோம், கட்டுரையின் விஷம் தேங்கிய இடம் இதுதான். 2011 நவம்பர் 11-ல் லாஸ் ஏஞ்சலஸின் விஸ்கி அ கோ கோ அரங்கில் நால்வரும் ஒன்றாக நின்று, புதிய ஆல்பமும் உலகப் பயணமும் வரப்போவதாக அறிவித்தார்கள். மூன்று மாதத்துக்குள், 2012 பிப்ரவரியில், வார்டு பகிரங்கக் கடிதம் எழுதினார். தனக்குத் தரப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்திடத் தக்கதல்ல, குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்ற மரியாதை அதில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேராசை என்கிறார் விமர்சகர். அடுத்த பத்தியிலேயே, வார்டின் உடல் பயணத்துக்குத் தாங்காது, அதனால்தான் விடப்பட்டார் என்று ஆஸ்போர்ன் 2013-ல் பேட்டியில் சொன்னதையும் எடுத்துவைக்கிறார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? வாசிக்கவே முடியாதவர் என்றால் அவர் முன் ஒப்பந்தத்தை நீட்டியது எதற்கு? நீட்டிய ஒப்பந்தம் உண்மை என்றால், உடல் தாங்காது என்ற காரணம் அவர் மறுத்த பிறகு ஏன் மேடையேறியது? 2015-ல் வார்டு இதற்காக வருத்தம் தெரிவிக்கச் சொல்லிப் பகிரங்கமாகக் கேட்டார். விமர்சகர் கட்டுரையில் அதற்கு இடமில்லாமல் போனது தற்செயலா?

பேராசைக்காரர் என்ன இழந்தார் என்று கணக்குப் பார்க்கலாம். முதலிடம் பிடித்த ஆல்பம். உலகப் பயணம். 2017 பிப்ரவரி 4-ல் சொந்த ஊரான பர்மிங்காமில் குழு நடத்திய விடைபெறும் கச்சேரி. அன்று அவர் இடத்தில் டாமி க்ளூஃபெடாஸ் வாசித்தார். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், வாழ்நாளின் மிகப் பெரிய வசூலுக்கு முதுகைக் காட்டித் தன் ஊரின் கடைசி மேடையையும் விட்டுக்கொடுக்கிறார். பணத்துக்கு அலைபவர் செய்யும் வேலையா? தன்மானம் என்ற சொல் தமிழில் எழுதும் ஒருவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது ஒருவருடைய கதையும் அல்ல. 2013 பிப்ரவரியில், கியூபாவில் பிறந்தவரும் ஸ்லேயர் குழுவின் தொடக்ககால டிரம்மருமான டேவ் லொம்பார்டோ, வருமானப் பங்கீட்டைக் கேள்வி கேட்டதற்காக ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முன் ஒதுக்கப்பட்டதாக அறிக்கை விட்டார். 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தில் அந்த இரட்டைக் கால் வேகத்தை உலகுக்குக் காட்டிய கலைஞர் அவர். இரண்டு பெரிய குழுக்கள், ஓராண்டு இடைவெளி, ஒரே நாற்காலி. கணக்குக் கேட்கும் தாளக்காரர் வெளியே. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தத்துவம் தேவைப்படுகிறது: இசையை ஒரு மேதை தனியாகப் படைக்கிறார், மற்றவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்ற தத்துவம். மேலாளரின் மேசையில் எழுதப்பட்ட அந்த வாக்கியத்தைத்தான் நம் விமர்சகர் விமர்சனம் என்று நினைத்துக் கையொப்பமிட்டிருக்கிறார். நாயக வழிபாட்டில் ஊறிய மனத்துக்குக் குழு என்ற ஒன்று புரிவதே இல்லை. தேரில் ஒருவர்தான் இருக்க வேண்டும், வடம் பிடித்தவர்களுக்குப் பெயர் கூடாது.

குடியைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கம் அருவருப்பானது. 1972-ல் 'வால்யூம் 4' பதிவின்போது, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் போதையில் கிடந்த வார்டின் மேல் மற்றவர்கள் தங்கநிறச் சாயத்தைப் பூசி, அவர் வலிப்பில் விழுந்து மருத்துவ உதவி தேடவேண்டிவந்தது. 1980-ல் 'ஹெவன் அண்ட் ஹெல்' பதிவு நாட்களில் விளையாட்டாக அவருக்குத் தீ வைக்கப்பட்டு, காலில் கடுமையான தீக்காயம். இரண்டையும் வார்டின் பொறுப்பின்மைக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார் விமர்சகர். சாயம் பூசியவர் வார்டா? தீ வைத்தவர் வார்டா? பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்த வித்தை, கட்டுரை முழுவதற்கும் ஒரு மாதிரி. அதே 1980-ல் தாயை இழந்து, குடியில் மூழ்கி, ஆகஸ்டில் பயணத்தின் நடுவிலேயே குழுவைவிட்டுப் போனார் என்பதை ஓடிப்போனார் என்ற சொல்லால் முடிக்கிறார். சில ஆண்டுகளில் அந்த மனிதர் குடியை விட்டார். 1998-ல் ஒத்திகை நாட்களில் மாரடைப்பு வந்தது. தேறிவந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார், 2005 வரை குழுவோடு பயணம் போனார். பொறுப்பின்மை என்று முத்திரை குத்துபவர் இந்த வரிகளை ஏன் எழுதவில்லை?

2025 ஜூலை 5-ல், ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பழைய நால்வரும் கூடினார்கள். வருமானம் தொண்டு நிறுவனங்களுக்கு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மேடை. அன்று பகலில் டேனி கேரி, டிராவிஸ் பார்க்கர், சாட் ஸ்மித் என்ற மூன்று டிரம்மர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி வாசித்தார்கள். தங்கள் வீரத்தைக் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்டது, 1975-ல் வார்டு வாசித்த 'சிம்ப்டம் ஆஃப் த யுனிவர்ஸ்'. இரவில், 77 வயதில், வார்டு மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டு 'வார் பிக்ஸ்' உள்பட நான்கு பாட்டுகள் வாசித்தார். பதினேழு நாள் கழித்து ஆஸ்போர்ன் இறந்துபோனார். 65 வயதில் முடியாதவர் என்று சொல்லப்பட்டவர் 77 வயதில் வாசித்ததையும், பேராசைக்காரர் என்று தூற்றப்பட்டவர் தொண்டுக்கான மேடைக்கு வந்து உட்கார்ந்ததையும் விமர்சகர் தன் கட்டுரையில் எங்கே பொருத்துவார்? மறுப்பு எழுதுவதானால், உடல் முடியாதவரா, பணத்தாசை பிடித்தவரா என்று முதலில் ஒன்றை முடிவு செய்துகொண்டு எழுதட்டும். இரண்டில் எதைப் பிடித்தாலும் வில்லா பார்க்கில் அந்த இரவு நடந்ததற்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.